வங்கி எவருக்கு?

(அம்பிட்டியவில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோப்பி மடிந்த காலத்தில், 1884-ல், ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி அது. அதன் நோட்டுகள் மக்கள் கையில் புழங்கின. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பிணை என்று அறிவித்தார். அதன் பின்னர் நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பு அரசாங்கத்திடம் வந்தது. கடன் கொடுக்கும் அதிகாரமோ அந்நிய வங்கிகளிடமே நின்றது.

அவை தோட்டக் கம்பனிகளைக் கவனித்தன. இந்நாட்டவர் செட்டியார் கிட்டங்கிக்குச் சென்றனர். செட்டியாரும் அவ்வங்கிகளிலேயே பணம் பெற்று, வட்டியைக் கூட்டிக் கொடுத்தார். வசை முழுவதும் செட்டியாருக்கு. மேல்மாடியில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தவர் சிலரே!

1934-ல் சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. அரசாங்க உதவியுடன் ஒரு வங்கி வேண்டும் என்றது. 1939 ஆகஸ்ட் 1-ல் இலங்கை வங்கி பிறந்தது. 1961-ல் அது அரசுடைமையாயிற்று. அவ்வாண்டே மக்கள் வங்கியும் தோன்றியது.

அமெரிக்காவிலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. 1791-ல் ஹாமில்ட்டன் தேசிய வங்கி கேட்டார். அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை என்றார் ஜெபர்சன். 1832-ல், பின்னர் வந்த இரண்டாவது தேசிய வங்கி செல்வருக்கே துணை என்று கூறி, அதன் புதுப்பிப்பு மசோதாவை ஜனாதிபதி ஜாக்சன் நிராகரித்தார். அவர் சினத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் வங்கியைச் சாய்த்ததனால் ஏழை உழவனுக்குக் கடன் கிடைத்துவிடவில்லை. 1837-ல் நெருக்கடிதான் வந்தது.

எனவே, வங்கி எவருடையது என்பதோடு நான் நிற்கமாட்டேன். வங்கி எவருக்குக் கொடுக்கிறது?

குத்தகை நிலத்தில் மரக்கறி பயிரிடும் ஒருவர் என்னிடம் வந்தார். மூன்றாண்டு வரவு செலவை நேர்த்தியாக எழுதி வைத்திருந்தார். அவர் சென்ற வங்கியின் பெயர் வேண்டாம். முகாமையாளர் அக்கணக்கைப் புரட்டவுமில்லை, "காணி உறுதி எங்கே?" என்றார். லயத்தில் பிறந்தவர் உறுதிக்கு எங்கே போவார்? மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் விதைக்கிழங்கு வாங்கினார்.

சட்டம் படித்தவன் சொல்கிறேன்: ஈடு என்பது காணி மட்டுமன்று. விளைச்சல் கணக்கும் ஈடாகலாம்; ஐவர் சேர்ந்து நிற்கும் கூட்டுப் பிணையும் ஈடாகலாம். இதை அரசாங்க வங்கிகள் ஏற்கவேண்டுமென மனு எழுதியுள்ளேன். கணக்குப் புத்தகம் வைத்திருப்போர் வரும் ஞாயிறன்று கொண்டு வாருங்கள். இல்லாதோர் இன்றே ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்குங்கள். இங்குள்ள ஆசிரியர்களும் கணக்காளர்களும் உடனிருந்து உதவுவார்கள்.