கண்ணுக்குத் தெரியாத காயம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெட்டுக்கத்தி விரலைக் கிழித்தால் இரத்தம் வரும். பக்கத்து நிரையில் நிற்பவரும் பார்ப்பார். பால் வாளியோடு மேட்டில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால், எக்ஸ்ரே படம் அதைக் காட்டிவிடும். ஆனால் நரம்பு கெட்டுப் போனால் வெளியே என்ன தெரியும்? கை முழுமையாக இருக்கும். காலும் முழுமையாக இருக்கும். ஆயினும் இரவில் பாதம் நெருப்பாய் எரியும். பகலில் மரத்துக் கிடக்கும். முள் தைத்தாலும் தெரியாது. செருப்பு கழன்று போனாலும் தெரியாது. “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், இவருக்கு எதற்கு உதவிப் பணம்?” என்று அண்டை வீட்டாரே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தக்க விடையளிப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை விளக்க, அமெரிக்க நாட்டின் முன்னாள் போர்வீரர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். போர்வீரருக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டா. இருவரும் உடலை உழைப்புக்குக் கொடுத்தவர்கள். உடல் கெட்டபின், அது வேலையினால்தான் கெட்டது என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலையும் இருவருக்கும் உண்டு.

முதலில் நரம்பைப் பற்றிச் சிறிது அறிவோம். மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் கைகால்களுக்குச் செல்லும் நரம்புகள், வீட்டிற்கு வரும் மின்கம்பிகளைப் போன்றவை. நோயோ நஞ்சோ அவற்றைத் தாக்கும்போது, மிக நீளமான நரம்புகளே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. ஆகையால் கால்விரல் நுனியில் மதமதப்புத் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலே ஏறுகிறது. பிறகு கைவிரல்களுக்கும் வருகிறது. நாளாவட்டத்தில் தசை மெலிகிறது, பிடி தளர்கிறது.

இனி அந்த வரலாற்றுக்கு வருவோம். 1962 முதல் 1971 வரை வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் 7 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட களைக்கொல்லி மருந்துகளை விமானத்திலிருந்து காடுகளின்மீது தெளித்தனர். அவற்றுள் ஒன்று, பீப்பாயில் இடப்பட்ட ஆரஞ்சு நிறப் பட்டையால் ‘ஏஜண்ட் ஆரஞ்சு’ எனப் பெயர் பெற்றது. அது 2,4-டி, 2,4,5-டி என்னும் இரு மருந்துகளின் கலவை. இப்பெயர்கள் நம் பால்மரக் காடுகளுக்குப் புதியவை அல்ல. 1950-களில் மலாயாவில் பால் பெருகுவதற்காக மரப்பட்டையில் தடவப்பட்ட மருந்துகளிலும் இவை இருந்தன. 2,4,5-டி தயாரிக்கப்படும்போது அதனுடன் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் சேர்ந்துவிட்டது. போரிலிருந்து திரும்பிய வீரர் பலர், பிற்காலத்தில் பற்பல நோய்களோடு அரசாங்கத்தின் கதவைத் தட்டினர்.

1991-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மருந்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஒவ்வொரு வீரரும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குறித்த சில நோய்களுக்கு அரசாங்கமே அத்தொடர்பை ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். 1996-இல் நரம்புச் சேதமும் அப்பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. மருந்து பட்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியபின் இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்ந்திருக்கவும் வேண்டும். தீர்ந்த நோய்க்கு ஏற்பு உண்டு, தீராத நோய்க்கு இல்லை என்னும் விந்தையான நிலை அது! இந்த இரண்டாம் கட்டுப்பாடு 2013-இல்தான் நீக்கப்பட்டது. மருந்து பட்டதிலிருந்து ஓராண்டுக்குள் நோய் ஓரளவேனும் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிலைத்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 1970-இல் வியட்நாமை விட்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு வயது 20. கால் சற்றே மரத்தது, களைப்பு என்று விட்டுவிட்டார், மருத்துவரிடம் சொல்லவில்லை. 60 வயதில் ஊன்றுகோலோடு வந்து விண்ணப்பிக்கும்போது, “1971-இல் எழுதிய தாள் எங்கே?” என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? அவ்வீரர்களின் மேல்முறையீடுகள் பலவற்றில் வழக்காடப்பட்ட பொருள் இதுவே. நோய் உண்டா, இல்லையா என்பதன்று. அது எப்போது, எதனால் வந்தது என்பதே.

ஆயினும் ஒரு வாயில் அடைபட்டால் வேறு வாயில் உண்டு. 2001-இல் இரண்டாம் வகை நீரிழிவு அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீரிழிவு கால் நரம்பைக் கெடுக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே நீரிழிவுக்கு உரிமை பெற்றவர், அதன் விளைவான நரம்புச் சேதத்திற்கும் உரிமை கோரலாம். அவ்வாயிலும் இல்லாதவர் மூன்று சான்றுகளைக் காட்ட வேண்டும்: இன்று நோய் உண்டு என்னும் மருத்துவச் சான்று, பணியில் நேர்ந்தது இன்னது என்னும் சான்று, இரண்டிற்கும் தொடர்பு உண்டு என்னும் மருத்துவரின் காரணம் கூறும் கருத்து. இவற்றுள் ஒன்று இல்லாமையால் தள்ளப்பட்டு, மேல்முறையீட்டில் அதனைச் சேர்த்து வென்றவர்கள் உண்டு.

அங்கு இரு நல்ல நெறிகள் உள்ளன. ஒன்று, மரத்துப் போவதையும் எரிச்சலையும் பற்றி நோயாளியே சாட்சி சொல்லலாம். தாம் கண்ணால் கண்டதை மனைவியும் உடன் பணியாற்றியவரும் எழுதிக் கொடுக்கலாம். மற்றொன்று, இரு பக்கத்துச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், ஐயத்தின் பயன் வீரருக்கே உரியது.

ஏற்றபின்பும் அளவு பற்றிய வழக்கு எழும். சயாட்டிக் நரம்புச் சேதத்தை 10, 20, 40, 60, 80 விழுக்காடு எனப் படிப்படியாக வகுத்தார்கள். உணர்ச்சி மட்டுமே குறைந்திருந்தால் கீழ்ப்படிகள். தசையும் மெலிந்திருந்தால் மேற்படிகள். “வலிக்கிறது” என்று மட்டும் சொன்னவருக்குக் கிடைப்பது வேறு. “கால் துவள்கிறது, படியேற முடியவில்லை, தசை சுருங்கியிருக்கிறது” என்று பரிசோதனையில் பதிவு செய்வித்தவருக்குக் கிடைப்பது வேறு.

பெருமக்களே, இவற்றால் நமக்கு என்ன பயன்? நமக்கும் சட்டம் உண்டு. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ 1971 முதல் இயங்கி வருகிறது. வேலையில் ஏற்பட்ட காயத்தால் நிலையான ஊனம் உண்டானால், அதன் விழுக்காட்டை மருத்துவக் குழு மதிப்பிடுகிறது. மணிக்கட்டில் கத்தி பட்டு நரம்பு அறுந்தவரும், விழுந்து முதுகு நரம்பு நசுங்கியவரும் இதில் அடங்குவர். ஆகவே சிலவற்றை நினைவில் வையுங்கள்.

விபத்து நேர்ந்த அன்றே மண்டோரிடமும் கிராணியிடமும் சொல்லுங்கள். 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. கிளினிக்கில் “கை வலி” என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கி வராதீர்கள். எந்த விரல் மரத்தது, எந்த வேலையின்போது, எந்நாளில் என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். அந்தத் தாள்களின் நகலை, அடையாளக் கார்டும் பிறப்புப் பத்திரமும் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

நீரிழிவு உண்டா, மதுப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டால் மறைக்காதீர்கள். இவையும் நரம்பைக் கெடுப்பவை. மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் மெய்யான காயமும் ஐயத்திற்கு உள்ளாகும். வேலையால் வராத நோயினால் உழைக்கும் திறனை இழந்தவர்க்கும், சந்தாத் தகுதி இருந்தால், அதே சட்டத்தின்கீழ் இயலாமை ஓய்வூதியம் என்னும் தனித் திட்டம் உண்டு.

மருத்துவக் குழுவின் முடிவு மனநிறைவு தராவிட்டால், 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். கடிதம் மலாய் மொழியில் வந்தது, படிக்கத் தெரியவில்லை என்று அலமாரியில் போட்டுவிட்டால், நாள் நமக்காகக் காத்திராது. படித்த பிள்ளையிடமோ தொழிற்சங்கத் தோழரிடமோ அன்றே காட்டி, பெற்ற தேதியை அதன் மேல் குறித்து வையுங்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்படாத ஒரு வரிக்காக அந்த வீரர்கள் முதுமையில் அலைந்தார்கள். நம் தோட்டத்தில் ஒருவரும் அவ்வாறு அலைய வேண்டா. இன்று இங்கே அமர்ந்திருப்பவர்களில் கை மரத்துப் போயும் சொல்லக் கூசி இருப்பவர் யாரேனும் இருந்தால், நாளைப் பெரட்டு முடிந்ததும் கிளினிக்குக்குச் செல்லுங்கள். சொல்லுங்கள், எழுதச் செய்யுங்கள்.