மணலில் கண்ட பாடம்

 

தமிழக அரசின் ‘கனவு ஆசிரியர்’ திட்டத்தில் தேர்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 2024 அக்டோபரில் பிரான்சு நாட்டிற்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்தனர். தில்லி அரசும் தன் ஆசிரியர்களைப் பின்லாந்திற்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியுள்ளது. இத்தகைய பயணத்திலிருந்து ஓர் ஆசிரியர் எதைக் கொண்டுவர வேண்டும்? இவ்வினாவிற்குச் சென்னை மண்ணிலேயே ஒரு பழைய விடை உண்டு.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது, நம்மவர் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். நமக்கு அது நாளும் காணும் காட்சி. அவருக்கோ அது புதையல்.

உடனே தம் பள்ளியில் அதனைச் செய்து பார்க்கப் பணித்தார். அங்கிருந்த ஆசிரியர், இது இயலாது என ஒதுக்கினார். பெல் மனம் தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் கைவிட்டதைச் சிறுவன் செய்து காட்டினான். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறை அங்கே வேரூன்றியது. நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்த சட்டாம்பிள்ளை முறைதான் இது! தாயகம் திரும்பிய பெல் 1797இல் இதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சிக்கனமாகப் படிக்கவைக்கும் வழியாக அம்முறை அங்கே மாறியது. நாளடைவில் வெறும் ஒப்பித்தலாகத் தேய்ந்து, செல்வாக்கிழந்தது. முறை கடல் கடந்தது. பிள்ளையின் முகம் பார்த்துக் கற்பிக்கும் நெருக்கம் உடன் செல்லவில்லை.

அயல்நாடு செல்லும் ஆசிரியர் பெரும்பாலும் கட்டடத்தையும் கருவிகளையும் கண்டு வியக்கிறார். திரும்பியதும், “இவை நம்மிடம் இல்லையே” என்று ஏங்குகிறார். பெல் கண்டதோ ஒரு பிடி மணல். சிறிதைக் கண்டார்; தம் வகுப்பில் செய்து பார்த்தார்; தடை வந்தபோதும் விடவில்லை; எழுதி வைத்தார். பயணத்தின் பயன் இந்த நான்கில் அடங்கும். திரும்பி வரும் ஆசிரியரிடம் நிழற்படம் கேட்பதோடு நில்லாது, ஒரு வகுப்பையும் ஓராண்டுக் காலத்தையும் தந்து, “கண்டதைச் செய்து காட்டுங்கள்” எனப் பள்ளிகள் கேட்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. ‘பள்ளி’ என்னும் சொல்லே சமண முனிவர் உறைவிடத்திலிருந்து கல்விக்கூடத்திற்கு வந்தது என்பர் அறிஞர். ஆனால் இன்று தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுகின்றனர்; தமிழ் ஏட்டைக் கையிற் கொடுத்தால் தடுமாறுகின்றனர். பாட்டியின் மடல் பேரனுக்குப் புரியாத நாள் தொலைவில் இல்லை.

இதற்குப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் ஒருமணி நேரம், எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழெழுத்துச் சொல்லித் தரட்டும். ஒரு தட்டு மணல் போதும். அருகில் ஒரு பெரியவர் அமர்ந்திருக்கட்டும். அந்த நெருக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த பகுதியில் நன்றாக நடக்கும் வகுப்பு உண்டென்று கேள்விப்பட்டால், ஒருநாள் சென்று அமர்ந்து பாருங்கள். கண்டதை மறுவாரமே செய்து பாருங்கள்.