உத்தியோகத்தோடு ஒரு சொந்தத் தொழில்

(சங்கத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மேடையில் நிற்பவர் ஒருவரேயாயினும் பேசப்படுவது எங்கள் மூவருடைய அனுபவம். ஆதலால் இப்பேச்சு முழுவதிலும் 'நாங்கள்' என்றே சொல்ல உத்தரவு கேட்கிறோம். எம்மில் ஒருவர் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறார். ஒருவர் தனியார் கல்வி நிலையமொன்றிற் கணிதம் படிப்பிக்கிறார். மற்றவர் ஒரு பண்டகசாலையிற் பொருட்கணக்கு வைத்திருக்கிறார். மூவரும் வெளிவாரியாகப் பட்டப் படிப்புப் படிக்கிறோம். இவ்வளவுக்கும் அப்பால், மாலையில் நாங்கள் செய்யும் தொழில் புழுக்கொடியல் மா விற்பது. சிரிக்க வேண்டாம். சிரித்தால் போகும்போது ஒரு பைக்கற்று வாங்கிக்கொண்டு போங்கள்.

உத்தியோகம் பார்த்துக்கொண்டே சொந்தத் தொழிலொன்றைக் கட்டியெழுப்பும் இளைஞன் ஊக்கங் குன்றாதிருப்பது எப்படி என்பதே தலைவர் எங்களுக்குத் தந்த பொருள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளை வளர்த்த குடாநாடு இது. மலாயாவிலும் கொழும்பிலும் இலிகிதராயிருந்து மணியோடர் அனுப்பியவர்களின் காசிலே கட்டிய வீடுகளில்தான் நம்மிற் பலர் பிறந்தோம். அப்பழமொழியை இகழ எங்களுக்கு வாய் வராது.

ஆனால் 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. மார்ச்சுக் கடைசியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமில்லை. 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதத்துள் 360 ரூபாவளவில் நின்றது. செப்ரெம்பரிலே பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். சம்பளம் மாத்திரம் நின்ற இடத்தில் நின்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசாங்கம் தன் ஊழியருக்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டிலே பயிர் செய்யுங்கள் என்றது. எரிபொருள் இல்லாமையும் அதற்கொரு காரணம். கோறணமேந்தே தன் இலிகிதரைத் தோட்டத்துக்கு அனுப்பும் ஒரு காலம் வருமென்று அப்பழமொழியைச் சொன்னவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

நாங்கள் தொடங்கியது 2023 தை மாதம், ஊரிலே பனம்பாத்தி கிண்டும் காலம். முதல் மாதம் ஊக்கத்துக்கு ஒரு குறைவுமில்லை. பெயர் வைப்பதில் ஒரு கிழமை போயிற்று. லேபலுக்குப் படம் தெரிவதில் இன்னொரு கிழமை. மாவைத் தவிர மற்றெல்லாம் ஆயத்தமாயிருந்தன.

கிழங்கை அவித்து, உரித்து, இரண்டாய்க் கிழித்து வெயிலிற் போட வேண்டும். நன்றாய் வறண்ட ஒடியலை முறித்தால் டக்கென்று ஓசை கேட்கும். மாசியிலே இரண்டு மூன்று நாள் மப்பும் தூறலுமாய் இருந்தது. பகலில் மூவருக்கும் வேலை. முற்றத்தில் காய்வதை யார் புரட்டுவது, யார் அள்ளுவது? மாலையில் வந்து தொட்டுப் பார்த்து, போதும் என்று மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துவிட்டோம். மூன்று கிழமையின் பின் ஒரு கடைக்காரர் நாற்பது பைக்கற்றைத் திருப்பி அனுப்பினார். உள்ளே பூஞ்சணம். அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. குற்றம் எங்களுடையது.

நாற்பது பைக்கற்றினால் ஒருவரும் கெட்டுப்போவதில்லை. கெட்டது வேறொன்று. மறுநாள் வேலை முடிந்ததும் மூவரும் சைக்கிளை அவரவர் வீட்டுக்கு நேரே திருப்பினோம். கொட்டிற் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஒருவருக்கொருவர் தொலைபேசியும் எடுக்கவில்லை. இப்படிப் பதினொரு நாள். பகல் முழுவதும் பிறருக்கு உழைத்தவன் மாலையிலே தனக்கென்று உழைக்காவிட்டால் அவனைக் கேட்பார் யாருமில்லை. உத்தியோகத்துக்குப் போகாவிட்டால் மேலதிகாரி கேட்பார். சொந்தத் தொழிலுக்குப் போகாவிட்டால் உலகம் மௌனமாயிருக்கும். சொந்தத் தொழிலின் பெரிய ஆபத்து இந்த மௌனம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பன்னிரண்டாம் நாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி ஒருவர் சைக்கிளை மறித்தார். "தம்பி, போன சனியும் வரேல்லை, அதுக்கு முந்தின சனியும் வரேல்லை. இவருக்கு வேறையொண்டும் வாய்க்குப் பிடிக்காது. மா கிடக்கோ?" என்றார். அவர் வாங்குவது கிழமைக்கு ஒரு பைக்கற்று. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துத் தம் கணவருக்குக் கொடுப்பாராம். எங்கள் இலட்சியம் என்ன, முதல் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை ஏன் வரவில்லை என்பதே அவர் கேள்வி. அன்று மாலை மூவரும் கொட்டிலில் இருந்தோம். ஊக்கம் நெஞ்சுக்குள்ளே ஊறும் என்று அதுவரை நம்பியிருந்தோம். எங்களுக்கு அது ஒழுங்கையிலிருந்து வந்தது.

அதன் பின்னர் நம்மூர்ச் சரித்திரத்தையே வேறு கண்ணால் வாசிக்கத் தொடங்கினோம். ஆறுமுகநாவலரை நாம் சமயத்துக்கும் உரைநடைக்கும் போற்றுகிறோம். அவரும் சில மாதம் எங்களைப்போல இரண்டு வேலைக்காரர் என்பதை அதிகம் நினைப்பதில்லை. வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணை செய்தவர் அவர். 1847 டிசம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். வெள்ளிதோறும் பிரசங்கம், அவரும் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் செய்தார்கள். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். உத்தியோகத்தை விட்டது அவ்வாண்டு செப்ரெம்பரில். ஏறக்குறைய ஒன்பது மாதம் பகலுக்கு ஒரு வேலை, மாலைக்கு ஒரு வேலை. சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லியும் அவர் நிற்கவில்லை என்று சரித்திரம் எழுதினோர் சொல்வர்.

இதில் எங்களைக் கவர்ந்தது அவர் துறந்த சம்பளமன்று, அந்த வெள்ளிக்கிழமைதான். வெள்ளி வந்தால் கோயில் மண்டபத்திற் சனங்கள் இருப்பார்கள். களைப்பாயிருக்கிறது, அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்ல இடமில்லை. வேலையை விட்ட பின்பும் அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை; 1849இல் இந்தியா சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சகம் வேண்டும். ஒன்றின் தேவை மற்றொன்றை இழுத்து வந்தது.

ஆனால் எல்லாரும் ஒன்பது மாதத்தில் விட்டுவிட முடியுமா? நேர்மாறான ஒருவரும் நம்மவரே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பின் சென்னை அரசாங்கத்திலே கணக்கு உத்தியோகம். பகலிலே இராசாங்கத்தின் வரவு செலவு, மற்ற நேரத்திலே செல்லரித்த ஏடுகள். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. வீரசோழியம் வந்தது 1881இல். இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டு! இடையில், 1871இல், சட்டப் பட்டமும் பெற்றார். 1882இல் இளைப்பாறிய பிறகுதான் வேகம்: 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. அப்பொழுதும் சும்மா இருக்கவில்லை. 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதி. பதிப்புத் தொழில் அவருக்குச் சோறு போடவில்லை. அவருடைய சம்பளமே பதிப்புக்குச் சோறு போட்டது.

இந்தப் பதின்மூன்று ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எங்கள் பதினொரு நாள் சிறுத்துப் போகிறது. இடைவெளி விழுந்தால் தொழில் இறந்துவிட்டது என்று நினைத்து வெட்கத்தினாலேயே விட்டுவிடுகிறவர்கள் நம்மூரிற் பலர். நாங்களும் அவர்களில் மூவராகியிருப்போம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்களைப் படிப்பித்ததும் மிசன் பாடசாலையே. மணியடித்தால் எழும்புவதை அங்கே பழகினோம். அப்பொழுது அம்மணியை வெறுத்தோம். இப்பொழுது எங்களுக்கு நாங்களே ஒரு மணி கட்டியிருக்கிறோம்: சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மழையென்றாலும் பரீட்சையென்றாலும், மா ஒழுங்கையில் இருக்க வேண்டும். ஒடியலைப் பகலிற் புரட்ட அயலிலே ஒரு மாமியைக் கூலிக்கு அமர்த்தினோம். எங்கள் இலாபத்திற் பெரும் பங்கு முதலில் அவருக்கே போயிற்று. போகட்டும், பூஞ்சணம் போயிற்று. சென்ற மாதம் செலவு நீங்க ஒருவருக்கு 9,400 ரூபா கிடைத்தது. இது பெருமைக்குச் சொல்லவில்லை. இதை நம்பி வேலையை விடமுடியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

உத்தியோகத்தைச் சத்துருவாக எண்ணத் தொடங்கினால் இரண்டும் கெடும். எம்மிற் கணக்கெழுதுபவர் ஒரு நாள் கடை நேரத்திலே மாக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வந்தார், மேசையிற் கிடந்த எங்கள் பற்றுச்சீட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமற் போனார். அன்றிரவு எங்கள் நண்பருக்கு நித்திரையில்லை. அரசாங்க ஊழியராயுள்ளோர், வெளித்தொழில் பற்றித் தாபனக் கோவை என்ன சொல்கிறதென்று முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

எப்போது விடுவது? அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் இருவர் இதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வேலையை வைத்துக்கொண்டே தொழில் தொடங்கிப் பின்னர் முழுநேரமாக இறங்கியவர்கள், எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டு இறங்கியவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் அபாயம் மூன்றிலொரு பங்கு குறைவாம். அப்பிள் கம்பனியைத் தொடங்கிய வொஸ்னியாக் 1976இல் ஹியூலெற் பக்கார்ட் கம்பனியில் வேலை பார்த்துக்கொண்டே கணினி செய்தார். வேலையை விட்டது 1977இல், அதுவும் மனமில்லாமல். கோழி மேய்க்கும் கோறணமேந்தை அவரும் இலேசில் விடவில்லை என்பதில் எங்களுக்கு ஒரு சின்னத் திருப்தி.

சென்ற சித்திரையில் எம்மில் ஒருவர், "களைச்சுப் போனன், கல்வி நிலையத்தை விடப் போறன்" என்றார். களைப்பு ஒரு காரணமாகாது, மா கேட்டு வருவோருக்குக் கொடுக்க நேரம் போதாமற் போனால் மட்டுமே விடலாம் என்று மற்ற இருவரும் வாதாடினோம். இரவு பன்னிரண்டு மணிவரை அந்தச் சண்டை நடந்தது. எங்கள் சொல் சரியோ பிழையோ, இன்னும் தெரியாது. அவர் இன்னும் படிப்பித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் களைப்பாகவே இருக்கிறார். அந்தப் பின் வாங்கில் இருப்பவர் அவர்தான். கூட்டம் முடிய அவரையே கேட்டுப் பாருங்கள்.

அதிக நேரம் கேட்காதீர்கள். இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் அறுபது பைக்கற்று ஒட்டக் கிடக்கிறது. ஏழு மணிக்கு ஆச்சி படலையில் நிற்பார்.