சண்டையை எண்ணியவன்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே நான் படித்தது புள்ளியியல். "சமாதான ஆய்வு படிக்க வெளிநாடு போறேன்" என்றதும் அப்பா, "சண்டையை விலக்கிவிடுறதுக்கு எதுக்குடா பி.எச்டி.? நம்ம ஊர் நாட்டாமை கைநாட்டுதானே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

1959இல் ஆஸ்லோவில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் யோஹான் கால்டுங். கணிதமும் சமூகவியலும் படித்தவர், 2024இல் மறைந்தார். துப்பாக்கி ஓய்ந்தால் மட்டும் சமாதானம் ஆகாது, தவிர்க்கக்கூடிய பசியால் மனிதன் சாவதும் வன்முறைதான் என்று 1969இல் எழுதினார். பெரிய மனுஷர்தான். ஆனால் எல்லாமே வன்முறை என்றால் எதை எண்ணுவது? நான் எண்ணுகிற கட்சி.

எண்ணுவதற்கு விதி உண்டு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக வரையறைப்படி, ஆட்சிக்காகவோ நிலப்பகுதிக்காகவோ நடக்கும் சண்டையில் ஒரு தரப்பாவது அரசாக இருக்க வேண்டும். ஓராண்டில் 25 பேராவது இறந்தால் அது ஆயுத மோதல், 1000 பேர் என்றால் போர். 24 பேர் என்றால் அந்த வருடக் கணக்கிலேயே வராது. மனசு ஒப்பவில்லை. ஆனால் கோடு போடாமல் இரண்டு நாடுகளை எப்படி ஒப்பிடுவது?

என் ஆய்வேட்டில் ஒரு நாட்டுக்கு இரண்டு பத்திரிகைச் செய்திகளை வைத்திருந்தேன். ஒன்றில் ஊர்ப் பெயர், மற்றதில் மாவட்டப் பெயர். இரண்டிலும் 14 பேர். கூட்டினால் 28. பட்டியலில் ஏற்றி ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன்.

ஊர் திரும்பி, ஆசிரியராகி மூன்றாம் வருடம் ஒரு மாணவி, "சார், இது ரெண்டும் ஒரே சம்பவம் மாதிரி இருக்கே" என்றாள். பார்த்தேன். ஒரே சம்பவம்தான். 14 பேரை நான் இரண்டு தடவை சாகடித்திருக்கிறேன்! கட்டுரை வெளிவந்த இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். திருத்தியதும் அந்த நாடு பட்டியலை விட்டே போய்விட்டது. இப்போது அந்த 14 பேர் என் அட்டவணையில் எங்கேயும் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவங்க பேரெல்லாம் என்னடா?" என்றார். இரண்டு பத்திரிகையிலும் பெயர் இல்லை.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளே, புள்ளியியலை விட்டுவிடாதீர்கள். எந்த ஊரை ஆராய்கிறீர்களோ அந்த ஊர் மொழியையும் படியுங்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஊர் எந்த மாவட்டம் என்று அன்றைக்கே விசாரித்திருப்பேன். நாளை மாலைவரை பழைய ஹாஸ்டலில்தான் இருக்கிறேன், வாருங்கள், பேசலாம்.