வேலையில் மனநிறைவு

வெளி மாநிலத்தில் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், "எந்த ஊர்?" என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்து, "எங்கே வேலை?" என்கிறோம். பழக்கம் சற்று முதிர்ந்தால் சம்பளத்தையும் விசாரிக்கிறோம். ஆனால், "வேலை மனத்துக்குப் பிடித்திருக்கிறதா?" என்று நாம் கேட்பது அரிது. பெற்றோரை ஊரில் விட்டு, வேற்று மொழி பேசக் கற்று, இத்தனை தொலைவு வந்தது வேலைக்காகவே. அந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லையெனில், ஊரையும் இழந்தோம், உழைப்பின் இன்பத்தையும் இழந்தோம் என்றாகிவிடும். ஆகவே, உழைப்பவருக்கு நிறைவு தருவது எது என்னும் கேள்வி நம் வாழ்வோடு ஒட்டியது.

தக்க ஊதியமே அதற்கு முதற்படி என்பதில் ஐயமில்லை. அகமதாபாத் நகரின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1918-ஆம் ஆண்டில், விலைவாசி ஏறியிருந்த வேளையில், அந்நகரின் ஆலைத் தொழிலாளர் 35 சதவிகித ஊதிய உயர்வு வேண்டிப் போராடினர். காந்தியடிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கி உண்ணாநோன்பும் மேற்கொண்டார். அனசூயா சாராபாய் அம்மையார் தொழிலாளர் பக்கம் நின்றார். அவருடைய தம்பி அம்பாலால் சாராபாயோ ஆலை முதலாளிகளின் பக்கம் இருந்தார். முடிவில் நடுவரின் தீர்ப்பு 35 சதவிகிதத்தையே வழங்கியது. வயிறு வாடும்போது வேலையின் மேன்மையைப் பேசுதல் பயனற்றது என்பதை நாடு அன்று உணர்ந்தது.

ஊதியம் சீரான பின்னர் எல்லாம் முடிந்துவிடுமா? அதே அகமதாபாத்தில், அதே சாராபாய் குடும்பத்தாரின் காலிகோ ஆலையில், இதற்கு விடை கிடைத்தது. அங்கு ஒரு நெசவுக் கூடத்தில் 224 தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். புதிய இயந்திரம் வந்தும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. நெய்த துணியிலும் பழுது மிகுந்திருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1953-இல் அக்கூடத்தின் வேலைமுறையை ஆராய்ந்தார்.

அவர் கண்டது இது: 29 தொழிலாளர் பன்னிரண்டு வகை வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நெய்பவர் ஒருவர், ஊடைநூல் தார்களை நிரப்புபவர் மற்றொருவர், அறுந்த இழைகளைச் சீர்செய்பவர் வேறொருவர், எண்ணெய் இடுபவர், தூசி துடைப்பவர் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கில் தறிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு தறி நின்றால் அதைத் தன் தறி என்று கருதி ஓடிவர எவரும் இல்லை. ஒருவரது வேலை மற்றவரை நம்பியே இருந்தது. ஆயினும் அவர்கள் ஒரு குழுவாக இல்லை. இயந்திரம் புதியது, மனிதர்களோ சிதறுண்டு கிடந்தனர்.

ரைஸ் கூறிய யோசனை எளிமையானது. 64 தறிகளுக்கு எழுவர் கொண்ட ஒரு குழு. அத்தறிகளின் முழுப் பொறுப்பும் அக்குழுவுக்கே. வேலைகளைத் தமக்குள் அவர்களே பகிர்ந்துகொள்ளலாம். தொழிலாளர் இதனை உடனே ஏற்றனர். யார் யாருடன் சேர்வது என்பதையும் மேலதிகாரி கட்டளையிடவில்லை. அவர்களே கூடிப் பேசி முடிவு செய்தனர். தொடக்கத்தில் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. பின்னர் உற்பத்தித் திறன் ஏறத்தாழ 80 சதவிகிதத்திலிருந்து 95 சதவிகிதத்துக்கு உயர்ந்தது. பழுதுபட்ட துணி 32 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழு வேலை கையில் இருத்தல், அதனை எவ்வாறு செய்வது என்பதில் தன் சொல்லுக்கும் இடம் இருத்தல், மனம் ஒத்த தோழர்களுடன் சேர்ந்து உழைத்தல் ஆகிய மூன்றும் கிடைத்தபோது, அதே மனிதர் அதே தறியில் வேறு மனிதராயினர். அவர்கள் முன்பு சோம்பியிருந்தவர்கள் அல்லர். தம் உழைப்பின் பயனைக் காண வழியின்றி இருந்தவர்கள்.

மற்றொரு பாடமும் உண்டு. 1970-இல் எரிக் மில்லர் என்பவர் அவ்வாலையை மீண்டும் ஆராய்ந்தார். ஒரு கூடத்தில் குழு முறை பெரும்பாலும் நிலைத்திருந்தது. வேறு கூடங்களிலோ பழைய வழக்கமே திரும்பியிருந்தது. சூழ்நிலை மாறி, நிர்வாகத்தின் துணையும் தளர்ந்தால் நல்ல ஏற்பாடும் மெல்ல மறைந்துவிடும். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆயினும் அது கற்பித்தது பழையதாகிவிடவில்லை.

நம்முள் அலுவலகத்தில் பணிபுரிவோர் பலர். கோப்பில் ஒரு குறிப்பை எழுதி மேலே அனுப்புகிறோம். அது எவருக்கு என்ன நன்மை செய்தது என்பது நம் காதுக்கு எட்டுவதில்லை. கணினியின் முன் அமர்ந்து வேலை செய்வோரின் நிலையும் பல இடங்களில் இதுவே. நம் குறிப்பினால் ஓய்வூதியம் பெற்ற முதியவர் ஒருவர் உண்டு என்று அறிந்தால், மறுநாள் அலுவலகம் செல்லும் கால்களில் சோர்வு குறையும். அந்தச் செய்தியைத் தமக்குக் கீழே பணியாற்றுவோரிடம் சொல்ல மேலதிகாரிக்குச் செலவு ஏதும் இல்லை.

நம்முள் முதலாளிகளும் உண்டு. உணவு விடுதியும் கடையும் நடத்துவோர், ஊரிலிருந்து பிள்ளைகளை வேலைக்கு வரவழைக்கின்றனர். மொழி தெரியாத ஊரில் அந்த இளைஞனுக்கு வேலை செய்யும் இடமே வீடும் உறவும் ஆகிறது. உரிய ஊதியத்தையும் ஓய்வையும் முதலில் அளிப்போம். அதன்பின், "இதைச் செய், அதை எடு" என்று நாள் முழுவதும் ஏவுவதை விடுத்து, சரக்கறையின் பொறுப்பை முழுமையாக அவனிடமும் அவன் தோழரிடமும் ஒப்படைத்துப் பார்ப்போம். எதை எங்கே வைப்பது என்பதில் அவர்கள் சொல்லுக்கும் செவிசாய்ப்போம். தவறினால் ஏசாமல் திருத்துவோம்.

இனி நம்மவர் ஒருவரைக் காணும்போது ஊரையும் வேலையையும் விசாரித்த பின்னர், "வேலை பிடித்திருக்கிறதா?" என்றும் கேட்போம். "இல்லை" என்று அவர் சொன்னால், காரணத்தைப் பொறுமையுடன் கேட்போம். நம்மிடம் வேலை பார்ப்பவரையும் இதே கேள்வி கேட்கலாம்.