கறியைக் குறை சொன்னால் என்ன செய்வது?



இந்த வானொலியில் சமையற்குறிப்புச் சொல்லிவரும் எனக்குப் பாராட்டும் வரும், ஏச்சும் வரும். இன்று ஏச்சைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்விலில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள், நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள், "ஏன் வீண் பேச்சுக் கேட்பான்?" என்று சொல்லி, இனிக் குறிப்புத் தருவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

இது சின்ன விடயம் இல்லை. ஊரைவிட்டு வரும்போது காணி உறுதியை விட்டோம், கல்யாணப் படங்களை விட்டோம். கூழ் காய்ச்சும் பக்குவத்தை மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் பறிக்க முடியவில்லை. அது அநேகமாக வாயால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சொல்லுகிறவள் வாயை மூடினால் அதுவும் போய்விடும்.

என்னைக் கேட்டால், உணவைப் பற்றி வரும் கடுஞ்சொல் மூன்று வகை. ஒன்று ருசி பற்றியது. இன்னொன்று தகவல் பற்றியது. மூன்றாவது மரியாதை பற்றியது. எது எந்த வகை என்று தெரிந்தால் பாதி மனவருத்தம் குறையும்.

முதலில் ருசி. 2020 ஒக்டோபரில் எட்வர்ட் அண்டர்சன் என்ற பிரித்தானிய வரலாற்று விரிவுரையாளர், உலகத்திலேயே சலிப்பான சாப்பாடு இட்லிதான் என்று எழுதினார். தென்னிந்தியாவே கொதித்தது. சசி தரூர்கூடப் பதில் எழுதினார். எனக்கு அந்த மனிதரில் கோபம் வரவில்லை. அவர் நாக்குக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலேயே பாகற்காயைத் தள்ளிவைக்கும் பிள்ளை இருக்கிறதே! ருசி பற்றிய பேச்சுக்குச் சிரித்துவிட்டுப் போவதே பதில்.

இரண்டாவது தகவல். 2021 ஓகஸ்டில் வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஜீன் வைன்கார்ட்டன் என்பவர், இந்திய உணவு முழுவதும் ஒரேயொரு வாசனைப் பொருளில் செய்யப்படுகிறது என்று எழுதினார். இது ருசி இல்லை, பிழையான தகவல். எங்கள் கறித்தூளுக்கு மட்டும் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் என்று எத்தனை வறுக்கிறோம்! சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமி அதே பத்திரிகையில் பதில் எழுதினார். பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. எழுதியவரும் மன்னிப்புக் கேட்டார். இங்கே சும்மா இருப்பது சரியில்லை. ஆனால் வசவுக்கு வசவு வேண்டாம். எது பிழை, எது சரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும்.

தகவல் சண்டை வெளியாரோடு மட்டும் வருவதில்லை. எங்களுக்குள்ளேதான் கூட. கோதுமைமாப் புட்டுப் பற்றிச் சொன்ன ஒரு நாள், ஒரு அண்ணை தொலைபேசியில் வந்து, "இதையும் யாழ்ப்பாணச் சாப்பாடு என்று சொல்ல உங்களுக்கு வெட்கமில்லையோ?" என்றார். நான் சொன்ன பதில் இதுதான்: "அண்ணை, கோதுமை எங்கள் மண்ணில் விளைந்ததில்லை. கப்பலில் வந்த மாவை அவித்து, அரித்து, புட்டும் இடியப்பமும் ஆக்கினது எங்கள் அம்மாமார்தான். உங்கள் கறியில் இருக்கிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கொண்டுவந்தது. மரவள்ளியும் அந்தப் பக்கத்துக் கிழங்கு. பாண் என்ற சொல்லே போர்த்துக்கீசச் சொல். வந்ததையெல்லாம் எங்களுடையதாக்கினோம். அதுதான் எங்கள் சமையல்." அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அரிசிமா எவ்வளவு கலக்கிறது?" என்று கேட்டார்.

இன்னொரு முறை ஒரு அம்மா எடுத்து, ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணீரை வடித்து வடித்துக் கைப்பை எடுக்கும் தன் முறையைக் கடுமையான குரலில் சொன்னார். குரல் கடுமைதான், ஆனால் சொன்னது பொன். குரலை விட்டுவிட்டுச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பாரதூரமானது: மரியாதை. எங்கள் பகுதிக்கு மேற்கே உள்ள ரொக்ஸ்பரோவில் 2006இல் 7 வயதுப் பிலிப்பைன்ஸ் சிறுவன் ஒருவன், தன் வீட்டு வழக்கப்படி கரண்டியும் முள்ளும் சேர்த்துப் பிடித்துச் சாப்பிட்டதற்காகப் பாடசாலை மதிய உணவு நேரத்தில் கண்டிக்கப்பட்டான். செய்தி மணிலா வரை போய், அங்கே கனடியத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. தாய் விட்டுக்கொடுக்கவில்லை. முறைப்பாடு கியூபெக் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போனது.

உங்கள் பிள்ளையும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தால், "நாளைக்குச் சான்ட்விச் கட்டித் தாறன்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். யார், என்றைக்கு, என்ன சொன்னார்கள் என்று கேட்டுத் திகதியோடு எழுதிவையுங்கள். முதலில் சம்பந்தப்பட்டவரோடு அல்லது அதிபரோடு பேசுங்கள். 10 வேலை நாளில் தீர்வு இல்லையென்றால் பாடசாலைச் சேவை மையத்தின் முறைப்பாட்டு அலுவலரிடம் போங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் வட்டார மாணவர் காப்பாளர் இருக்கிறார். 2023 ஓகஸ்ட் முதல் கியூபெக் முழுவதும் இந்த ஒழுங்குதான். இன வேற்றுமை என்றால் மனித உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். 1975இல் இயற்றப்பட்ட கியூபெக் உரிமைச் சாசனம் அதற்கு இடம் தருகிறது. முறைப்பாடு செய்யக் காசு இல்லை.

ஆகவே நேயர்களே, ருசி பற்றிய ஏச்சுக்குச் சிரிப்பு. தகவல் பிழைக்கு விளக்கம். மரியாதைக் குறைவுக்குக் கடிதமும் முறைப்பாடும். எந்தப் பதிலையும் கோபம் வந்த இரவிலேயே எழுதாதீர்கள். ஒரு நித்திரை கொண்டு எழும்பினால் பாதிச் சொற்கள் தேவையில்லை என்று தெரியும்.

குறிப்புத் தருவதை நிறுத்திய அந்த இரண்டு சகோதரிகளுக்கும் ஒரு சொல். உங்களை ஏசினவர் ஒருவர். உங்கள் குறிப்பைக் கொப்பியில் எழுதிக்கொண்டு பேசாமல் சமைத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகத் திரும்ப வாருங்கள்.