சிறுபீளையும் சிறுநீரகமும்

(சத்துவாச்சாரியில் கூடிய நம் சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயிர் காக்கும் மருந்தே ஓருறுப்புக்கு நஞ்சாதலும் உண்டு. ஜெண்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி 1963-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. கொடிய கிருமிகளை அடக்கி எண்ணிறந்தோரை அது பிழைப்பித்தது. ஆயினும், அது உடலை விட்டு நீங்கும் வழி சிறுநீரகமேயாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள. அவற்றை அடுத்த நுண்குழாய்களின் உயிரணுக்கள் இம்மருந்தின் ஒரு பகுதியை ஈர்த்துத் தம்முள்ளே தேக்குகின்றன. தேக்கம் மிகின் மாய்கின்றன. சிறுநீர் குறையாமலே இக்கேடு நேர்தலால், நோயாளி அதனை உணர்வதரிது. குருதியிற் கிரியாட்டினின் அளவை நோக்கியே அறிதல் வேண்டும்.

இனி, பொங்கற்குக் காப்புக் கட்ட நாம் கொணரும் பூளைப்பூவை நினைமின். அச்சிறுபீளையைக் கல்லடைப்பிற்குக் கஷாயமாக நம் முன்னோர் வழங்கினர். 2004-இல் மணிப்பாலைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அதன் சாராயச் சாற்றை எலிகட்கு அளித்து, ஜெண்டாமைசினால் விளையும் சிறுநீரகக் கேடு தணிதலைக் கண்டு வெளியிட்டனர். மஞ்சளின் குர்க்குமின் முதலிய பொருள்களும் எலிகளிடத்து இத்தகைய பயன் காட்டியுள்ளன. உயிரணுவை அரிக்கும் ஆக்சிஜன் விளைபொருள்களை இவை தணித்தல் ஒரு காரணமாம்.

இது கேட்டு, ஊசி போடும் நாளில் வீட்டிற் கஷாயம் காய்ச்சத் தொடங்குதல் தகுமோ? தகாது. எலியிற் கண்ட பயன் மனிதரிடத்து நிலைபெற்றாலன்றி மருந்தெனப் பெயர் பெறாது. மூலிகையெல்லாம் அமுதுமன்று. உடல் மெலியப் பச்சிலை மருந்துண்ட மகளிர் சிலர் சிறுநீரகம் இழந்த செய்தி 1993-இல் பெல்ஜியம் நாட்டினின்று வெளிவந்தது. அக்கேட்டிற்குக் காரணமான செடி நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தது.

ஆதலின், செயற்பாலன இவை. கிருமிக்கொல்லியை மருத்துவர் சீட்டின்றி வாங்கற்க. நீரிழிவோ பழைய சிறுநீரக நோயோ உளதாயின் முன்னரே உரைத்திடுக. உண்ணும் வலிமாத்திரையையும் கஷாயத்தையும் மறையாது கூறுக. ஊசி சில நாள் தொடருமாயின் குருதிச் சோதனையைக் கேட்டுப் பெறுக. சிறுநீரகத்திற்கு அஞ்சி, வேண்டிய ஊசியைத் தாமே நிறுத்துதலும் உயிர்க்கு இறுதியாம்.

நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இலேயே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றது. ஆயினும், பிறர் உறுப்பை இரந்து பெறுதலினும் தம் உறுப்பைப் பேணுதலே நன்று. பூளைப்பூ நம் வாயிலிற் காப்பாக விளங்குக. உடற்குக் காப்பு நம் விழிப்பேயாகுக.